எழுதினபடி ஏசுங்கோ

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் நான் சாது என்று நினைப்பவர்கள் என் அண்ணன் மெல்ரொனைக் கேட்டுப் பார்க்கட்டும். கொக்கிளாய் வீட்டில் சிலேட்டில் எழுதி எழுதியே அவனை வறுத்தெடுத்தவள் நான்.

அவன் பாரிசுக்குப் போனான். இடம்பெயர்ந்து, அம்மாவையும் இழந்து, தொண்ணூற்றேழில் நான் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒருத்திக்கு வந்த கடிதத்தில் செய்தி இருந்தது. ஸ்ரெல்லா, அதாவது நான், ஷெல் பட்டுச் செத்துவிட்டதாக யாரோ அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு பாரிஸ் தேவாலயத்தில் எனக்கு ஆத்துமப் பூசை. கூடவே அவனுடைய தொலைபேசி இலக்கம். உலகத்தில் எனக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். அவனும் என்னைப் புதைத்துவிட்டால் நான் யாருக்கு உயிரோடு இருப்பது?

சனிக்கிழமைதான் வெளியே போகப் பாஸ் கிடைத்தது. தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மாயாண்டி, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். எறும்பைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற மனிதர். நான் கொப்பியில் எழுதுவதை அவர் வாசித்துச் சொல்வது, அண்ணனின் பதிலை எனக்கு எழுதிக் காட்டுவது என்று ஏற்பாடு.

"டேய் மெல்ரொன், நான் சாகேல்லை" என்று எழுதினேன். நாலு சொல்லுக்கு அவருடைய வாய் வெகுநேரம் அசைந்தது. கேட்டபோது, சொன்னதை எழுதிக் காட்டினார்: "அண்ணே, வணக்கமுங்க. தங்கச்சி நல்லா இருக்காங்க. ஒங்களை ரொம்ப மரியாதையா விசாரிச்சாங்க."

அடியில் அண்ணனின் பதில்: "என்ர தங்கச்சிக்கு மரியாதையே தெரியாது. செத்தவளை வைச்சு விளையாடாதை." அவன் போனை வைத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் பென்சில் முறிந்தது. "திரும்ப எடுங்கோ. நான் எழுதினபடி ஏசுங்கோ" என்று எழுதினேன்.

"பின்னால ஆளுங்க நிக்கிறாங்கம்மா" என்று அவர் எழுதினார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மறுபடி இலக்கத்தை அழுத்தி, நான் எழுதியதை எழுதியபடியே வாசித்தார்:

"டேய் எருமை! உயிரோட இருக்கிறவளுக்குப் பூசையோ? என்ர படத்துக்கு மாலையும் போட்டிருப்பாய். எந்தப் படம்? சின்ன வயசில பல்லு விழுந்து நிக்கிற முதல்நன்மைப் படம்தானே? கழட்டடா மூதேவி!"

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாயாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் மேசையில் ஒரு அடியும் அடித்தார். அது நான் எழுதாதது.

பிறகு பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கையைப் பிடித்து உலுக்கினேன்.

"பேசலம்மா. அழுவுறாரு. இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல" என்று எழுதினார்.

ரிசீவரை என் காதில் வைத்தார். கேட்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்ப வாங்கிக் கேட்டு எழுதினார்: "அதே படம்தானடி. கழட்டிப்போட்டன்."

கூச்சத்தை விழுங்கி, தன் வாயை எனக்குத் தந்த அந்த மனிதருக்கு ஆயுளுக்கும் நான் நன்றியுடையவள்.

ஞாயிறு பூசை நிற்கவில்லை. அண்ணன் அதை நன்றிப் பூசையாக மாற்றிவிட்டான். என் பெயரோடு மாயாண்டி என்ற பெயரையும் பூசை வைத்த சுவாமியாரைக்கொண்டு வாசிப்பித்தானாம்.