கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்

பன்னிரண்டாம் கட்டிலில் பிறந்த பெண் குழந்தை, நான்காம் நாள் காலை ஒன்பதே காலுக்கு வாயைத் திறந்து, "அந்த விளக்கைக் கொஞ்சம் அணைங்க, கண்ணு கூசுது" என்றது. பிரசவ வார்டில் அந்நேரம் பத்தொன்பது தாய்மார்களும், இரண்டு நர்ஸ்களும், மின்விசிறிக்கு எண்ணெய் போட வந்த ஓர் ஆளும் இருந்தார்கள். இளைய நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் மயங்கி விழுந்தாள். அந்த மருத்துவமனையில் பணி ஒழுங்கு அப்படி. மின்விசிறிக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, தன் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு திருந்தவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வெளுத்த விரிப்புகளை அடுக்கி ஏந்திக்கொண்டு வாசலில் நின்ற சலவை அறைக்காரி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. மூக்கின் மேலேயே அதை வைத்துக்கொண்டு நடந்ததால் மருத்துவமனை முழுக்க அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருடங்களாகக் கீழ்த்தளத்தில் கொதிக்கும் அண்டாவுக்கும் இஸ்திரிக்கும் நடுவில் நிற்கிறவளுக்குக் குளிர்ந்த சுபாவம் எங்கிருந்து வரும்? அவளுக்குத் துணையாக இருந்த ஆயா, எது நடந்தாலும் "அம்மாடி" என்று தொடங்குகிறவள், அதனால் அதுவே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. பட்டாசு ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். அம்மாடி, துணி அலமாரிக்குப் பின்னால் பாய் விரித்து வேளை தவறாமல் தொழுகிறவள். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நெருங்கிச் சேர்த்து, பின்னால் நகர்ந்து இழுத்து, மறுபடி நெருங்க வேண்டும். நாளொன்றுக்கு எண்பது விரிப்பு. எண்பது தடவை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு வாய் சும்மா இருக்குமா? வீட்டுக் கதை தீர்ந்ததும் வேதக் கதைக்கு வந்தார்கள், அங்கே இருவருக்கும் பொதுவாக ஒருத்தி அகப்பட்டாள்.

இவள் மரியாள் என்றாள், அவள் மர்யம் என்றாள், ஆள் ஒருத்திதான். ஆண் தொடாமல் பெற்றாள் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. பிறந்த பிள்ளை யார் என்ற பெரிய வழக்கை, அது விரிப்பு மடிக்கிற நேரத்துக்கு ஆகாது என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மற்றதிலெல்லாம் தினமும் சண்டைதான். பட்டாசின் கதையில் மரியாளுக்கு நிச்சயித்த தச்சன் கூடவே இருந்தான். சத்திரத்தில் இடமில்லாமல், பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். துணி வருகிறதே, அதனால் அந்த இடத்தில் பட்டாசுக்குத் தனி உரிமை. அம்மாடியின் கதையில் கூட யாருமே இல்லை. தன்னந்தனியாகத் தொலைவில் போனவளை வலி ஒரு பேரீச்ச மரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது, கீழே ஊற்று, மேலே பழம், மரத்தை உலுக்கினால் விழும். "பச்ச உடம்புக்காரிய மரத்த உலுக்கச் சொல்றதா? நல்லா இருக்கு நியாயம்!" என்று பட்டாசு பாய்வாள். "அம்மாடி, எங்காளுக்குத் திங்கப் பழமாச்சும் கெடச்சுது. உங்க தச்சன் ஒரு வாய் தண்ணி குடுத்ததா எழுதியிருக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பதினோரு வருடங்களாக இதற்குத் தீர்ப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் கட்டில்காரி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவள். நான்காம் நடைமேடை என்று அவள் சொன்னால் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்காம் நடைமேடைக்கு ஓடும். உனக்கு எப்படித் தெரியும், பார்த்தாயா, சாட்சி உண்டா என்று பதினான்கு வருடங்களில் ஒருவர் கேட்டதில்லை. பிரசவம் ஆன மறுநாள் பதிவு எழுத்தர் படிவத்தோடு வந்து, தந்தை பெயர் என்றார். யாரும் இல்லை என்றாள். ஓடிவிட்டானா என்றார். ஓடுவதற்கு ஆளே இல்லை, என்னை யாரும் தொட்டதில்லை என்று, பேருந்து நேரம் சொல்கிற அதே குரலில் திருத்தமாகச் சொன்னாள். விரிப்பு மாற்ற வந்திருந்த பட்டாசும் அம்மாடியும் உட்பட வார்டு முழுக்கக் கேட்டது. வார்டு முழுக்க நம்பவில்லை.

எழுத்தர் கெட்டவர் அல்ல. அதைவிட மோசம், எதற்கும் ஒரு சுலபமான வழி வைத்திருப்பவர். பெயர் சொல்லாத பெண்கள் வந்தால், அந்த வாரம் ஆண்கள் வார்டில் இறந்த யாராவது ஒருவரின் பெயரைத் தந்தை இடத்தில் எழுதிவிடுவார். கல்யாணமே ஆகாமல் செத்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரின் பெயர் ராசியாக இருந்ததால் அதைத் திரும்பத் திரும்ப எழுதி, செத்த பிறகு ஆறு வருடங்களில் அவரை ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பனாக்கியிருந்தார். அதே பெயரை இவளுக்கும் தாராளமாக நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அவளுடைய அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினான். "பேருதானே, போட்டுத் தொலையேன்! ஊரே காறித் துப்புது." அவள், "நான் பொய் சொன்னா ஜனங்க தப்பான பஸ்ல ஏறிடும்ணே" என்றாள். முப்பது நாளுக்குள் படிவம் பூர்த்தியாகாவிட்டால் குழந்தை காப்பகத்துக்குப் போய்விடும் என்பது விதி. அவள் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அடுத்தடுத்து மூன்று கடிதங்கள் எழுதினாள். மூன்றும் அவர் மேசையில் தேநீர் டம்ளருக்கு அடியில் கிடந்தன.

இதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், கீழ்த்தளத்தில் பன்னிரண்டாம் கட்டிலின் விரிப்பை மடிக்கும்போது பட்டாசு, "பாவம், எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்றாள். "அம்மாடி, வெளிய சொல்ல முடியாத பெரிய மனுஷனா இருக்கும்" என்றாள் மற்றவள். சொல்லிவிட்டு, அதே மடிப்பில், அதே மூச்சில், பேரீச்ச மரத்துக்கும் தீவனத் தொட்டிக்கும் நடந்த பழைய சண்டையைத் தொடர்ந்தார்கள்.

மறுநாள்தான் குழந்தை பேசியது. மூன்று கடிதத்துக்கு அசையாத கண்காணிப்பாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். தொலைந்த சாவி எங்கே, தேர்வு முடிவு என்ன, போன மாப்பிள்ளை வருவானா என்று கேட்க வாசலில் வரிசை நின்றது. ஆறாம் நாள் விசாரணைக் குழு கூடியது. தாயைச் சற்று நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, தொட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். கண்காணிப்பாளர் குனிந்து, தன் மனைவியிடம்கூடக் காட்டாத மரியாதையோடு, "உங்க அப்பா யாரும்மா?" என்றார்.

குழந்தை கொட்டாவி விட்டது. "அம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றார் எழுத்தர்.

"என்ன சொன்னாங்க?"

"யாரும் இல்லைன்னு."

"அப்புறம் தூங்கறவள எதுக்கு எழுப்பினீங்க?" என்றது குழந்தை. அதற்குப் பிறகு ஒன்றரை வயது வரை, எல்லாப் பிள்ளைகளையும் போல அதுவும் அழுகையிலேயே காரியத்தைச் சாதித்துக்கொண்டது.

குழுவுக்குப் புல்லரித்துவிட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதான். எழுத்தர் அங்கேயே படிவத்தை விரித்து, தந்தை யாரும் இல்லை, குழந்தையின் வாக்குமூலப்படி, என்று எழுதி முத்திரை குத்தி நீட்டினார். எல்லாம் சுபமாக முடிந்தது என்று நர்ஸ்கள் கைதட்டினார்கள். தாய் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் சொன்னதா எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"ஒண்ணுன்னா என்னோடத எழுதறதுல என்ன கஷ்டம்?"

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று அவர் பழமொழி சொன்னார். விசாரித்தாயிற்று, குழந்தை சொல்லியாயிற்று, தாய் சொல்வதெல்லாம் ஆதாரமாகாது, வேண்டாமென்றால் முப்பதாம் நாள் காப்பகத்து வண்டி வரும் என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

பதினைந்தாம் நாள் விரிப்பு மாற்ற வந்த பட்டாசு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மனதில் இருந்தது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. "ஒண்ணு சொல்லணும். முதல்ல நீ சொன்னப்ப நானும் நம்பலம்மா."

"இப்ப?"

"இப்ப நம்பறேன்."

"பாப்பா பேசினதாலயா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்பது போலத்தான் கேட்டாள்.  ஆம் என்பதைத் தவிர பட்டாசிடம் வேறு பதில் இல்லை. அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, மாடிப்படியில் யாரையும் பார்க்காமல் இறங்கினாள்.

கீழே போனதும் வெடித்தாள். விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, மடிக்காமல், அம்மாடியைப் பார்த்துக் கத்தினாள். "எங்க கதையில அந்தத் தச்சன் அவள சத்தமில்லாம கழட்டி விட்டுடலாம்னுதான் நெனச்சான். கனவுல தூதன் வந்தப்புறந்தான் நம்புனான். சொந்தக்காரி ஒருத்தி நம்புனா, அதுவும் அவ வயித்துல இருந்த புள்ள துள்ளினப்புறம். உங்க கதையில உறவுக்காரங்க அவள நிக்கவெச்சுக் கேட்டாங்க, தொட்டில்ல கெடந்த புள்ள பேசினப்புறந்தான் அடங்கினாங்க. கனவு வேணும், துள்ளல் வேணும், தொட்டில் வேணும்! அவ வாயில இருந்து கேட்டு, சரிம்மான்னு சொன்ன மனுஷன் ஒருத்தன் உண்டா? பதினோரு வருஷமா மரத்துக்கும் தொட்டிக்கும் சண்ட போட்டமே, இதப் பாத்தோமா நாம?"

அம்மாடி தன் பக்கத்து முனைகளைச் சேர்த்துப் பிடித்தாள். "அம்மாடி" என்றாள். "எங்க வேதத்துல அன்னிக்கு அவள யார்கிட்டயும் பேச வேணாம்னுதான் சொல்லியிருக்கு. நாம கேக்க மாட்டோம்னு படைச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கும்போல. வேதத்தக் குத்தம் சொல்லாத. அதுல இருக்கறது நம்ம லட்சணம்."

இருபத்தொன்பதாம் நாள் காலை பட்டாசு புது விரிப்பு ஒன்றை மேசையில் பரப்பினாள். மருத்துவமனைத் துணி களவு போகாமலிருக்கக் குறி போடுவதற்கென்று சலவை அறையில் ஒரு கறுப்பு மை உண்டு. கொதிக்க வைத்தாலும் போகாது. அதில் குச்சியைத் தோய்த்து, பன்னிரண்டாம் கட்டில் சொன்னதை என் காதால் கேட்டேன், நம்பவில்லை, என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அம்மாடி இரண்டாவது. விரிப்பு மாடிக்குப் போயிற்று. கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலில் எல்லோரும் முரண்டு பிடித்தார்கள்; நம்பினேன் என்று போடச் சொன்னால் நூறு பேர் வந்திருப்பார்கள். பட்டாசு ஒவ்வொரு கட்டிலாக நின்று, "கேட்டியா இல்லியா? நம்புனியா இல்லியா? அவ்வளவுதான் கேக்கறேன்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு மயங்கிய நர்ஸ் போட்டாள். இதற்குள் வீட்டுக்குப் போயிருந்த தாய்மார்கள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து போட்டார்கள். அண்ணன் முப்பத்தொன்பதாவதாகப் போட்டுவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் வாசலில் போய் நின்றுகொண்டான்.

இரண்டு பெண்களும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விரிப்பை விரித்தபடியே அலுவலகத்துக்குள் கொண்டுபோனார்கள். எழுத்தர் படித்துவிட்டு, நம்பவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறது, இது என்ன சாட்சியம் என்று சிரித்தார். "நம்புனவங்க சொன்னா ஒட்டுறவுன்னு சொல்லுவீங்க. நாங்க நம்பாதவங்க, எங்களுக்கு ஒரு ஒட்டும் இல்ல. அவ சொன்னா. அத எழுதுங்க. நீங்களும் அன்னிக்குக் கேட்டீங்கல்ல, போடுங்க கையெழுத்த" என்றாள் பட்டாசு. எழுத்தர் நாற்பதாவது. பிறகு அவள் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள். அவர் எந்த வேதத்துக்காரர் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற வேதத்துக்காரர்கள் சிரிப்பார்கள். "ஐயா, உங்க வேதத்துலயும் அந்தப் பொம்பள இருக்கா. அவள நீங்க பாத்ததில்ல. அவ பேசிக் கேட்டதில்ல. அவள நம்பறீங்க. மேல ஒருத்தி பக்கத்துல இருக்கா, பேசறா, எழுதறா. தீர விசாரிக்கறதுன்னா அவகிட்ட விசாரிக்கணும்யா!"

அவர் டம்ளரைத் தூக்கினார். மூன்று கடிதங்களிலும் வட்ட வட்டமாகக் கறை இருந்தது. மூன்றையும் படித்தார். மூன்றிலும் ஒரே வரிதான்: நான் சொல்வதைக் கேட்கப் பத்து நிமிடம் வரவும். அவர் மைக்குச்சியை வாங்கி, எனக்கு எழுதினார், படிக்கவில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.  புதுப் படிவத்தில், தந்தை யாரும் இல்லை, சொன்னவர் தாய் என்று எழுதப்பட்டது. மறுநாள் வந்த காப்பகத்து வண்டி வெறுமனே திரும்பியது. வீட்டுக்குக் கிளம்பும் முன் தாய் விரிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றாள். பட்டாசு அன்று மதியம் வரை இஸ்திரி போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எழுத்தர் தந்தை பெயர் என்று கேட்டுவிட்டு, தாய் வாய் திறக்கும் வரை பேனாவை மூடாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார். ஓடிப்போனவன் என்றால் ஓடிப்போனவன், சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல விருப்பமில்லை. இரண்டு வருடம் கழித்து ஏழாம் கட்டிலில் மெலிந்த பெண் ஒருத்தி, காற்று என்றாள். எழுத்தர் காற்று என்று எழுதினார். தந்தையின் தொழில் என்றார். வீசுவது என்றாள். அதையும் எழுதி, மை காயட்டும் என்று தாளை ஓரமாக வைத்துவிட்டு, எட்டாம் கட்டில் யார் என்று கேட்டார்.