கொளுத்தாத சூள்பிடி

நோயை மருத்துவரிடம் சொல்லலாம்; சம்பந்தம் பேசவரும் வீட்டாருக்கு மட்டும் அது தெரிந்துவிடக் கூடாது. பள்ளத்தூரின் பெரிய வீடுகளில் எழுபதுகளிலும் நிலவிய விதி இது. இதற்குக் குடும்ப மானம் என்று பெயர் வேறு சூட்டியிருந்தனர்.

புஷ்பவள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர். இளைப்பு என்னும் ஆஸ்துமா நோயுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று, மூச்சு முட்டும்போது குழந்தையை எப்படி உட்காரவைப்பது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பாள். மற்ற வீடுகளுக்குள் வாசல் வழியாகப் போனவள், நீலாயதாட்சி ஆச்சியின் வீட்டுக்குள் மட்டும் பின்கட்டு வழியாகவே போனாள். ஆச்சியின் மகன் தேனப்பனுக்கு ஆறு வயது. அவனுடைய மாத்திரைகள் புளிப்பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. யாரேனும் பார்த்துவிட்டால் அவை பூச்சி மாத்திரைகள் ஆகிவிடும்.

காரணம், மூத்தவள் சிகப்பியின் திருமணம். மானகிரியில் ஒரு வீட்டுடன் சாதகம் பொருந்தி, பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது. தம்பிக்கு இளைப்பு என்றால் நாளை அவள் பெறும் பிள்ளைக்கும் வரும் என்று அவ்வீட்டார் பின்வாங்கிவிடுவர் என ஆச்சி அஞ்சினார். பினாங்கில் கடை வைத்திருந்த கணவர் தண்டாயுதபாணி செட்டியாரிடமும் அவர் சொல்லவில்லை. புஷ்பவள்ளியிடம் சத்தியமே வாங்கியிருந்தார். சத்தியம் செய்யாவிட்டால் பின்கட்டுக் கதவும் திறக்காது என்பதால் அவளும் செய்துகொடுத்தாள்.

அவ்வாண்டு செட்டியார் ஊருக்கு வந்தார். மகனுக்குக் கார்த்திகைப் புதுமை நடத்துவதென்று முடிவுசெய்தார். திருக்கார்த்திகையன்று ஆண் குழந்தையை அலங்கரித்துக் குதிரையில் ஏற்றி, கையில் சூள்பிடி என்னும் குச்சிக்கட்டைக் கொடுத்து, கோயிலுக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்லும் சடங்கு அது. சூள்பிடியை அங்கே கொளுத்துவர், சொக்கப்பனையும் எரியும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தேனப்பன் பல முறை மூச்சுக்குத் தவித்திருந்தான். அந்தப் புகையில் அவனை நிறுத்துவது கொலைக்கு ஒப்பாகும் என்று புஷ்பவள்ளி வாதாடிப் பார்த்தாள். உறவுமுறையார் அனைவருக்கும் சொல்லியாயிற்று என்று ஆச்சி மறுத்துவிட்டார். இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: மாலையில் மாத்திரை கொடுப்பது, சூள்பிடி பற்றியவுடன் அதைத் தாய்மாமன் கைக்கு மாற்றுவது, புகை படாதபடி காற்று வரும் பக்கமாகப் பிள்ளையை நிறுத்துவது. வேடிக்கை பார்ப்பவளைப் போலப் புஷ்பவள்ளியும் கூடவே வருவது.

பொழுது சாயும் நேரத்தில் மேளத்துடன் ஊர்வலம் புறப்பட்டது. குதிரைக்குப் பயந்து தேனப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிடரியில் முகம் புதைத்தான். இரண்டாவது தெருவில் திரும்பும்போது அவனுடைய தோள்கள் காதுவரை ஏறி இறங்கத் தொடங்கின. எங்கும் புகையே இல்லை. புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. புகையைப் பற்றி அவ்வளவு யோசித்தவள், குதிரையின் மயிரையும் அதில் படிந்த தூசியையும் பற்றி எண்ணவே இல்லை.

அவன் கைவிட்ட சூள்பிடியைச் சுமந்தபடி பக்கத்தில் நடந்த செட்டியார் மகனின் தொடையைத் தட்டிக்கொடுத்தார். கூட்டத்தில் ஒருவர், கப்பலேறிப் போகிற பரம்பரை குதிரையேறுவதற்கே திணறுகிறதே என்று கேலி பேசினார். எல்லாரும் சிரித்தனர். மானகிரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் நாச்சியம்மை ஆச்சியும் சிரித்தார். தேனப்பனின் மார்பிலிருந்து எழுந்த சீழ்க்கை ஒலி மேளத்தில் அமிழ்ந்துபோயிற்று.

புஷ்பவள்ளி நீலாயதாட்சி ஆச்சியின் அருகே நெருங்கினாள்.

"ஆச்சி, நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?"

"சத்தியம் பண்ணியிருக்க. இன்னுங் கொஞ்ச தூரந்தான்."

"புள்ள ஒதட்டப் பாருங்க."

ஆச்சி பார்க்கவில்லை. அவருடைய கண்கள் நாச்சியம்மை மீது இருந்தன. புஷ்பவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்று கடிவாளத்தைப் பற்றினாள். குதிரை நின்றது, மேளமும் நின்றது. இப்போது அந்தச் சீழ்க்கை ஒலி எல்லாருக்கும் கேட்டது.

"யாரும்மா நீ? கைய எடு," என்றார் செட்டியார்.

"புள்ளைய எறக்குங்க ஐயா. அது பயமில்ல."

"பயமில்லாம பின்ன என்ன?"

அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இளைப்பு," என்றார் நீலாயதாட்சி ஆச்சி. "மூணு வருசமா இளைப்பு. ஒங்ககிட்டயும் மறைச்சுட்டேன். எறக்குங்க."

நாச்சியம்மை ஆச்சி, சிகப்பியின் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். கண்ணெதிரே ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கையில், இன்னும் பிறவாத பேரனின் மார்பைப் பற்றியே அவ்வம்மையார் கவலைப்பட்டார். இவர்களைத்தான் ஊர் பெரிய மனிதர் என்று சொல்லிற்று.

சிகப்பி ஓடிவந்து தம்பியை வாங்கினாள். பட்டுச் சட்டையின் பொத்தான்களைப் பிய்த்தெறிந்தாள். பெற்றோரும் ஏறிக்கொண்ட வீட்டுக் காரில் அவனை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, முழங்கைகளைத் தன் மடியில் ஊன்றச் செய்தாள் புஷ்பவள்ளி. இன்னொரு மாத்திரைக்கு நேரமாகவில்லை. ஊசி காரைக்குடியில்தான் கிடைக்கும். வழியில் கோட்டையூரிலும் சொக்கப்பனை எரிந்துகொண்டிருந்தது. புகை சாலையை மூடியிருந்தது. புஷ்பவள்ளி ஓட்டுநரிடம் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். அடைத்த காருக்குள் ஐவரும் அந்த ஒரு மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தனர். இடையே அது கேட்கவில்லை. சிகப்பி தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தாள். நீண்ட கணத்துக்குப் பிறகு மீண்டும் கேட்டது.

மருத்துவமனையில் ஊசி போட்டபின் ஒலி மெல்லத் தளர்ந்தது. உதடுகளில் நிறம் திரும்பியது. அப்போதுதான் செட்டியார் தம் கையைப் பார்த்தார். சூள்பிடியை அவர் கீழே வைக்கவே இல்லை.

"அப்பச்சி, அதக் கொளுத்தலையா?" என்று கேட்டான் தேனப்பன்.

செட்டியார் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தமக்கும் காட்டும்படி புஷ்பவள்ளியிடம் கேட்டார். மனைவியுடன் அவர் பேசவில்லை.

மறுவாரம் மானகிரியிலிருந்து ஆள் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். முன்பு பொருந்திய அதே சாதகம்தான். நீலாயதாட்சி ஆச்சி அன்று முழுவதும் அழுதார். பின்கட்டுக்கு வந்த புஷ்பவள்ளியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சிகப்பிதான் அவளைக் கைப்பிடித்து முன்கட்டுக்கு அழைத்துச்சென்றாள். புளிப்பானைக்குப் பின்னாலிருந்த மாத்திரைகளை எடுத்துவந்து, வருகிறவர் எல்லாரும் காணும்படி, வாசலுக்கு நேரேயுள்ள மாடத்தில் வைத்தாள்.

"அடுத்து வர்ற வீட்டுக்காரங்க இதப் பாத்துட்டே உள்ள வரட்டும்," என்றாள்.