சேதன முட்டை

கைறுன்னிஸாவின் வீடு காத்தான்குடியின் கடைசி ஒழுங்கையில் இருந்தது. ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் முஸ்லிம்களின் காத்தான்குடி, அந்தப் பக்கம் தமிழரின் ஆரையம்பதி. அதை அறியாதவை கைறுன்னிஸாவின் கோழிகள் மட்டும்தான். ஐம்பது அறுபது கோழிகள் இருக்கும். அவள் அவற்றைச் சரியாக எண்ணியதில்லை. எண்ணுவதற்கு அவை ஒரு இடத்தில் நின்றதுமில்லை. அவளைக் கட்டிய மாப்பிள்ளை குவைத்தில் கார் ஓட்டினார். அவர் அனுப்புவது வீட்டுக்கு, முட்டை விற்று வருவது தனக்கு என்று அவள் வைத்திருந்தாள்.

அவளுடைய தம்பி நளீர் டோஹாவில் ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட்டில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தான். அங்கே அவன் சேதன உணவுகளை, அதாவது ரசாயனம் படாமல் விளைந்தவற்றை, அடுக்கும் தட்டுக்குப் பொறுப்பாக இருந்தவன். பெட்டியை உடைத்து அடுக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றாலும், பெட்டியின் மேல் எழுதியிருந்தது முழுவதும் அவனுக்குப் பாடம். வந்த புதிதில் உம்மா வாங்கி வைத்த உப்புப் பக்கெற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இதில் மரபணு மாற்றம் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். உப்புக்கு ஏதடா மரபு என்று உம்மா பக்கெற்றைப் பறித்துக்கொண்டார். ஆனால் அவன் சோர்ந்துபோகிற ஆள் இல்லை.

ஒருநாள் ராத்தா கைறுன்னிஸா பொரித்துக் கொடுத்த முட்டையின் மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்த ரொட்டியைக் கீழே வைத்தான். செம்மஞ்சளாக, அந்திச் சூரியன் வாவிக்குள் இறங்குகிற நிறத்தில் இருந்தது. டோஹாவில் இந்த நிறத்துக்கு வெள்ளைக்காரன் மூன்று மடங்கு கொடுக்கிறான் என்றான். காலாற மேய்ந்து, கறையானும் புல்லும் தின்று, கலப்படமில்லாத தீனில் வளர்ந்த கோழிக்குத்தான் இந்த நிறம் வரும் என்று தன் சுப்பர் மார்க்கெட் அறிவையெல்லாம் திரட்டிச் சொன்னான். அடுத்த கிழமையே பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு முட்டையைக் கொண்டுபோனான். சமையல்காரர் ஒன்றை உடைத்துப் பார்த்து மயங்கிப்போனார். தொடர்ந்து தரலாம், ஆனால் சேதன முட்டை என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

கைறுன்னிஸாவுக்கு முதலில் இதில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தன் முட்டையை யாரோ மெச்சியது பிடித்திருந்தது. இருபது வருடமாக அவள் முட்டையைப் பார்த்து இந்த ஒழுங்கையில் ஒருவரும் மயங்கியதில்லை. ஓம் என்று சம்மதித்தாள்.

எதிர்ப்பக்கத்துக் கோணாமலைக்கும் செய்தி போனது. கோணாமலை ஆரையம்பதிக்காரர், வளவுக்குள் புரொய்லர் கோழி வளர்ப்பவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சேதமான முட்டையை எந்த ஹோட்டல்காரன் வாங்குகிறான் என்று கேட்டார். சேதமில்லை அண்ணன், சேதனம் என்று நளீர் திருத்தினான்.

"ரெண்டும் ஒண்டுதான் தம்பி," என்றார் கோணாமலை. "பசளை எல்லாம் சேதனம் எண்டு சொன்ன வருசம் என்ட வட்டையில வெளஞ்சது என்னெண்டு கேளுங்க. கொக்கு கூட எறங்கல்ல."

அரசாங்கம் ரசாயனப் பசளையைத் தடுத்த அந்த வருடத்துக்குப் பிறகுதான் அவர் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் புரொய்லருக்கு வந்திருந்தார்.

நளீர் விண்ணப்பித்த சான்றிதழ் நிறுவனத்திலிருந்து பரிசோதகராக ஒரு பெண் வந்தாள். பெயர் யசோதினி. மட்டக்களப்பு டவுனில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை. தலையில் தொப்பி, காலில் பிளாஸ்ரிக் உறை, கையில் தொடுதிரை ரப்லெற். நளீர் அவளுக்கு முன்னால் நடந்து நடந்து எல்லாவற்றையும் விளக்கினான். ராத்தாவை வாய் திறக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். கோழிக்கு என்ன தீன் என்று யசோதினி கேட்டாள். குறுணல் அரிசி, தேங்காய்ப் பூ, வாவியில் வரும் சின்ன மீனின் தலை என்று நளீரே சொன்னான். எல்லாம் உண்மைதான். அவள் கூட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், ஒவ்வொரு கோழியின் வாலுக்குக் கீழும் குனிந்து பார்த்தாள். பிறகு ரப்லெற்றில் வளவின் படத்தைக் கீறத் தொடங்கினாள். பக்கத்தில் சாதாரணப் பண்ணை இருந்தால் நடுவில் ஒரு இடைவெளி வலயம் காட்ட வேண்டுமாம்.

அந்த இடத்தில்தான் கைறுன்னிஸா வாய் திறந்தாள். "மகள், இந்த ஒழுங்கைக்கு நடுவால மட்டும் கோடு கீறாதீங்க. முந்திக் கீறின கோட்ட அழிக்கவே கனகாலம் போச்சி."

யசோதினி விரலை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோட்டை வேலியோடு ஒட்டினாற்போல் நகர்த்தினாள்.

தேத்தண்ணி கொடுத்தார்கள், அவள் குடிக்கவில்லை. பரிசோதிக்கும் வீட்டில் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. தண்ணீரும் அப்படித்தான். கைறுன்னிஸாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் நளீர் பகல் சாப்பாட்டுக்கென்று ஒரு கோழியை அறுத்தும் விட்டிருந்தான். பிள்ளை தான் வந்த வான் வண்டிக்குள் போயிருந்து பிஸ்கட் தின்றாள். பிஸ்கட் பக்கெற்றின் பின்பக்கத்தில் சோயா லெசித்தின் என்று எழுதியிருப்பதை நளீர் கண்ணாடிக்கு வெளியே நின்று வாசித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்தான்.

கைறுன்னிஸா கிணற்றடியில் கோழியைத் துப்புரவாக்கினாள். இரைப்பையைக் கீறியதும் உள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது. உடைத்த சோளம். கூடவே மண்ணிறத்தில் குச்சி குச்சியாகக் கடைத் தீன். அவள் வளவுக்குள் சோளம் என்ற பொருள் வந்ததேயில்லை. உள்ளங்கையில் வைத்துக் கழுவிப் பார்த்தாள். கழுவினாலும் சோளம் சோளமாகவே இருந்தது.

நளீரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒருவருக்கும் காட்டாதே, சாம்பலுக்குள் புதை என்றான். அவள் சாம்பல் குவியலையும் பார்த்தாள், வானையும் பார்த்தாள். வானுக்குள் அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல், கோழியின் பின்பக்கத்தைக் குனிந்து குனிந்து பார்த்த பிள்ளை. அவளை ஏமாற்றுவது மிகச் சுலபமாக இருந்தது, அதுதான் கைறுன்னிஸாவுக்குக் கூச்சமாயிருந்தது. காலையிலிருந்து தம்பி வாயை மூடச் சொன்னதும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. சோளத்தை ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டு வானுக்குப் போனாள்.

யசோதினி கோபப்படவில்லை. எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் கேட்டாள். மூவரும் கோழிகளின் பின்னால் போனார்கள். கோழிகள் ஒன்றையும் மறைக்கவில்லை. வேலியின் கீழே ஒரு பொந்து, ஒழுங்கைக்கு அப்பால் இன்னொரு பொந்து, அதற்குள்ளால் கோணாமலையின் தீன் கொட்டில். அங்கே கிழிந்த மூட்டையைச் சுற்றி இருபது கோழிகள் கல்யாண வீட்டுப் பந்தியில் இருப்பதைப்போல் குனிந்து தின்றுகொண்டிருந்தன. நடுவில் சேவல். மாதக்கணக்காகத் தீன் குறைவதைப் பார்த்து எலி என்று நினைத்துக் கோணாமலை ஒரு பூனை வாங்கி விட்டிருந்தார். பூனை கோழிகளுக்கு நடுவே படுத்திருந்தது.

யசோதினி மூட்டையைத் திருப்பினாள். அடியில், பொடி எழுத்தில், இந்தத் தீனில் மரபணு மாற்றப்பட்ட சோளமும் சோயாவும் இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. வாசித்துக் காட்டினாள்.

"அத நானும் வாசிக்கல்ல, கோழியும் வாசிக்கல்ல," என்றார் கோணாமலை.

நளீர் அவரைத் தீனை மாற்றச் சொல்லிக் கேட்டான். சேதனத் தீன், கொஞ்சம் விலை கூட, ஆனால் இரண்டு வளவுக்கும் நல்லது என்றான். தன் கோழி ஐந்தாறு கிழமையில் சட்டிக்குப் போகிறது, அதற்குள் அதன் உடம்பைப் பேணி என்ன செய்ய என்று அவர் கேட்டார். அன்று மாலையே கொட்டிலுக்குத் தகரக் கதவு போட்டார்.

விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை, ஒரு மாற்றக்காலம் தரலாம் என்றாள் யசோதினி. கோழிகள் சில கிழமை வேறு எதையும் தின்னாமல் சான்று பெற்ற தீனை மட்டும் தின்ன வேண்டும். அதே நேரம் அடைத்து வைக்கவும் கூடாது. கோழி வெளியே போக வேண்டும், மண்ணைக் கிளற வேண்டும், தன் இயல்பில் இருக்க வேண்டும், ஆனால் வளவைத் தாண்டக்கூடாது.

"வெளிய போகோணும், ஆனா போகப்படாது," என்றாள் கைறுன்னிஸா. "எங்கட வாப்பா எங்கள வளத்த மாதிரித்தான்."

யசோதினி சிரிப்பை அடக்க ரப்லெற்றுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

நளீர் மீன்பிடிக்காரரிடம் பழைய வலை வாங்கி வளவைச் சுற்றிக் கட்டினான். சித்தாண்டியில் ஒரு சேதன விவசாயியிடமிருந்து சான்றோடு குறுணல் வந்தது. கோழிகள் அதைப் பார்த்தன. பிறகு வலையைப் பார்த்தன. விடிந்ததிலிருந்து வலையோரமாக வரிசையாய் நின்று ஆரையம்பதிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. நாட்போக்கில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. சேவல் வலையின் மேலால் பறக்கப் பார்த்து ஒரு காலில் சிக்கிக் கீழே தொங்கியது. வலையை அறுத்து அதை எடுத்துவிட்டதிலிருந்து அது கூவவில்லை. முட்டை பாதியாகியது.

ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. பச்சை இலை முத்திரையோடு அழகாக இருந்தது. நளீர் அதற்குச் சட்டகம் போட்டு முன்னறையில் கஃபா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அன்று பின்னேரமே கைறுன்னிஸா அதைக் கழற்றிக் கோழிக்கூட்டில் மாட்டினாள். பட்டம் எடுத்தது கோழிகள், அவற்றின் வீட்டில் தொங்கட்டும் என்றாள்.

நளீர் முதல் தொகுதியைப் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோனான். இரண்டாம் நாள் சமையல்காரர் போன் எடுத்தார். ஒம்லெற் வெள்ளையாக வருகிறதாம். விருந்தாளிகள் இது என்ன நோயாளி முட்டையா என்று கேட்கிறார்களாம். முந்தித் தந்த அந்த அசல் சேதன முட்டை எங்கே, ஏன் இப்போது கடைச் சரக்கை ஏமாற்றித் தருகிறீர்கள் என்று கேட்டாராம்.

நளீர் போனை வைத்துவிட்டு ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தான். மஞ்சள் கரு எலுமிச்சஞ்சாறுபோல் வெளுத்திருந்தது. அந்த அந்திச் சூரியன் எங்கிருந்து வந்தது என்பது இப்போது அவனுக்கும் விளங்கியது. கோணாமலையின் சோளத்திலிருந்து.

ஆனால் அவன் ஓயவில்லை. யசோதினிக்குப் போன் எடுத்தான். முருங்கையிலை, பொன்னாங்காணி போட்டால் நிறம் வரும், அதை விதியும் ஏற்கும், கொஞ்சம் நாளாகும் என்று அவள் சொன்னாள். நளீர் ஒரு மரத்து முருங்கையை மொட்டையடித்துக் கொண்டுவந்து கொட்டினான். கோழிகள் அதன் மேல் ஏறி நின்று ஆரையம்பதியைப் பார்த்தன.

அந்தக் கிழமை கோணாமலை வேலியடிக்கு வந்தார். கைறுன்னிஸா தனியாக நின்றாள். தீனுக்குத்தான் சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்தாள். அவர் கொஞ்ச நேரம் வலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட கோழியள் வராததால கீழ கொட்டுற தீன் புளிச்சுக் கிடக்கு. இலையான் மொய்ச்சுத் தாங்கேலாம இருக்கு. பூனையும் சாப்பிடுதில்ல. பழையபடி அனுப்ப மாட்டீங்களா?"

கைறுன்னிஸா வாலில் இறகில்லாத கோழிகளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் தன் முட்டைக்கு ஒரு பெயர் கிடைத்ததே என்ற ஆசை அவளுக்கு இன்னும் இருந்தது. ஹோட்டலுக்குப் போன முட்டைப் பெட்டியில் தன் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அவள் வெட்டி எடுத்துப் பணப்பைக்குள் வைத்திருந்தாள். பணப்பையை இடுப்பில் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து வலையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள்.

நளீர் ஓடி வந்தான். சான்றிதழ் போய்விடும், ஹோட்டல் போய்விடும், தான் பட்ட பாடெல்லாம் வீண் என்றான். அவள் அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"நீ பட்ட பாடு சரிதான்டா தம்பி. கோழி பட்ட பாட்ட யாரு பாத்த?"

அதற்குள் கோழிகள் பாதி ஒழுங்கையைத் தாண்டிவிட்டன. கோணாமலை ஓடிப்போய்த் தகரக் கதவைத் திறந்து பிடித்தார்.

மறுநாள் கைறுன்னிஸா தானே யசோதினிக்குப் போன் எடுத்துச் சான்றிதழ் வேண்டாம் என்றாள். யசோதினிக்கு வருத்தமாக இருந்தது. விதியைக் கொஞ்சம் வளைக்க முடியுமானால் வளைத்திருப்பேன் அக்கா என்றாள். பிறகு, ரத்துச் செய்வதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும், என்ன எழுத என்று கேட்டாள்.

"கோழியளுக்கு விருப்பமில்ல எண்டு எழுதுங்க மகள்."

மறுமுனையில் தட்டெழுதும் சத்தம் கேட்டது. எல்லாக் கோழிகளுக்குமா என்று யசோதினி கேட்டாள், குரலில் சிரிப்பு தெரிந்தது. கைறுன்னிஸா திரும்பி ஒழுங்கையைப் பார்த்தாள். சேவல் அப்போதுதான் நிதானமாக, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஓம், சேவலுக்கும்தான்," என்றாள்.