நூற்றுக்கு இரண்டு சொச்சம்

அனுசுயாவுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அது தெரியாதவர்கள் அவளைச் சிடுமூஞ்சி என்றார்கள். தெரிந்தவர்கள், வேலைக்காக இல்லை, பிறவியிலேயே அப்படித்தான் என்றார்கள். காய்கறிக்காரர் தக்காளியைத் தானே பொறுக்கிப் போட்டுக் கொடுத்தால், வண்டியிலேயே பையைக் கவிழ்த்து அடியில் கிடப்பதைப் பார்க்கிற ரகம் அவள். அழுகல் இருந்தால் ஒரு திருப்தி. இல்லாவிட்டால் தராசின் மீது சந்தேகம்.

அம்பத்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் சர்வே நிறுவனத்தில் அவள் மறுசோதனை அதிகாரி. நாட்டில் பார்வைக் குறை எத்தனை பேருக்கு, காது எத்தனை பேருக்கு, கைகால் எத்தனை பேருக்கு, மனவளர்ச்சி எத்தனை பேருக்கு என்று மாநிலம் மாநிலமாக எடுக்கிற கணக்கில், சென்னையின் மேற்குப் பக்கம் இந்த நிறுவனத்தின் பங்கு. இளவயதுப் பிள்ளைகள் டேப் என்கிற கைக்கணினியுடன் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்புவார்கள். அவர்கள் போன தெருவில் பத்து வீட்டைப் பொறுக்கி, உண்மையிலேயே போனார்களா, கேட்டார்களா, எழுதியது சரியா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது அனுசுயாவின் வேலை. பன்னிரண்டு வருடத்தில் பதினேழு பேரைப் பிடித்திருக்கிறாள். அதில் ஒருவன் ஒரு தெரு முழுவதையும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் உட்கார்ந்தே நிரப்பியவன். அந்தக் கதையை அவள் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்வாள்.

பதினெட்டாவது ஆள் அருள் என்று திங்கட்கிழமை காலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அலுவலகத்தில் தகவல்களைச் சரிபார்க்கும் பிரசன்னா தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். பாடியில், பழைய தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. மொத்தம் நானூறு பேர். நாட்டுக் கணக்கில் நூற்றுக்கு இரண்டு சொச்சம் பேர்தான் மாற்றுத்திறனாளிகள். அதில் காது கேளாதோர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. போன முறை இதே நிறுவனம் ஆவடி, திருநின்றவூர், ஐயப்பன்தாங்கல் எல்லாம் எடுத்தபோதும் அப்படித்தான் வந்தது. அந்தக் கணக்குப்படி இந்தத் தெருவில் காது கேளாதவர்கள் இரண்டு பேர் இருக்கலாம், போனால் மூன்று பேர். அருள் முப்பத்தொரு பேரை எழுதியிருந்தான்.

அருளை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிற பையன். இருபத்தாறு வயது, சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டிருப்பான். எதற்கெடுத்தாலும் நன்றி மேடம் என்பான். இத்தனை பணிவு எதற்கு என்பது அவளுடைய முதல் கேள்வி. மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு முடித்தால் இவன் எட்டுதான் முடிக்கிறான், மீதி நேரம் எங்கே போகிறான் என்பது இரண்டாவது. இப்போது மூன்றாவதும் கிடைத்துவிட்டது.

விதி எளிமையானது. பத்தில் எட்டு வீடாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே ஆளை நிறுத்திவிடுவார்கள். பெயரும் பட்டியலில் ஏறும், அதன் பிறகு இந்த ஊரில் எந்த சர்வே நிறுவனமும் வாசலில் சேர்க்காது. இந்த மாதத்தோடு அருளை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். அந்தக் காகிதத்தில் அனுசுயாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்த முப்பத்தொரு பேர் இருக்கிற வீடுகளில் பத்தைப் பொறுக்கிக்கொண்டு அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் நகர்ந்தபடியே அவன் குற்றத்தை ஓரளவு எழுதி முடித்துவிட்டாள். உதவித்தொகைச் சான்றிதழ் வாங்கித் தரும் தரகன் எவனோ இவனைப் பிடித்திருக்கிறான். தெரு முழுவதும் காது கேட்காது என்று பதிந்துவிட்டு, பிறகு அதையே காட்டிச் சான்றிதழ் வாங்குவது திட்டம். அப்படியானால் இன்றைக்கு எல்லா வீட்டிலும் ஆமாம் ஆமாம் என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். பாடட்டும், யார் சொல்லிக் கொடுத்தது என்று பிடுங்கிவிடலாம்.

முதல் வீட்டுக்காரி நாகவல்லி. மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தாள். உள்ளே அவள் புருஷன் வீராசாமி இரவு ஷிப்ட் முடித்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அலறியது. அனுசுயா வணக்கம் சொன்னாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரியாதை தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி, பன்னிரண்டு வருடமாகக் கேட்கிற கேள்வியை ஒரே மூச்சில் கேட்டாள்.

"வீட்டுல கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

நாகவல்லி சிரித்தாள். "எங்க ஊட்ல அப்டி யாரும் கெடையாது மேடம். எல்லாரும் நல்லாத்தான் கீறோம்."

டேப்பில் வீராசாமியின் பெயருக்கு எதிரே 'மிகவும் சிரமம்' என்று அருள் போட்டிருந்தான். அனுசுயா 'சிரமம் இல்லை' என்பதை அழுத்தி, சரி என்றதும் அது அப்போதே அலுவலகத்துக்குப் போய்விட்டது.

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. ஒரு கிழவர், இந்தக் கேள்வி எதற்கு, நீ நாங்க வேலை செஞ்ச கம்பெனி அனுப்பின ஆளா என்று அவளையே சந்தேகமாகப் பார்த்துவிட்டு இல்லை என்றார். பத்து வீடும் முடிந்தபோது மணி பதினொன்றரை. பத்திலும் இல்லை. தரகன் கதை போயிற்று. ஆனால் சந்தேகம் போகவில்லை, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டது. இவன் வீட்டுக்கே வரவில்லை, எங்கேயோ உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கிறான். அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அடுத்த பயிற்சி வகுப்புக்குப் புதுக் கதை கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அறிக்கையை அப்போதே அனுப்பியிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிப்பதில் இருக்கிற ருசி அவளுக்குத் தெரியும். அருள் அன்றைக்கு இரண்டு தெரு தள்ளி வேலை செய்வதாக டேப் காட்டியது. டீக்கடையில் பார்த்தாள், பிள்ளையார் கோயில் நிழலில் பார்த்தாள், செல்போன் கடையிலும் எட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. அவள் மதில் ஓரமாக நின்றுகொண்டாள்.

அருள் வாசித்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை, வாசித்தான். டேப்பில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.

"அமைதியான அறையில் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது, அவருக்குக் கேட்பதில் சிரமம் உண்டா? சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகவும் சிரமம், கேட்கவே இயலாது. இந்த நாலுல எதும்மா?"

உள்ளே ஒரு பெண் யோசித்துவிட்டு, கத்திப் பேசினால்தான் கேட்கும், மூன்றாவதைப் போடு என்றாள். பிறகு அவன் கண்ணுக்குப் போனான், அதற்கும் நாலு விடை. நடப்பதற்கு நாலு. ஞாபகத்துக்கு நாலு. ஒரு ஆளுக்கு இத்தனை என்றால் எட்டு வீடுதான் முடியும் என்று அனுசுயாவுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. அவள் அதை நம்பவில்லை. ஸ்கூட்டியைப் பார்த்திருப்பான், நமக்காக நடிக்கிறான் என்று வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்த அருள் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டான். சாப்பிட்டீர்களா மேடம் என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டான். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வண்டியைத் திருப்பினாள்.

நேராக அலுவலகத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதைப் போடு என்று அந்தப் பெண் சொன்ன விதம் காதிலேயே நின்றது. அது சொல்லிக் கொடுத்துச் சொல்கிற விதமாக இல்லை. இந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடட்டும் என்றுதான் அவள் மறுபடியும் நாகவல்லி வீட்டு வாசலில் போய் நின்றாள். டேப்பைத் திறந்து, எத்தனையோ வருடமாகக் கண் தாவிக் கடந்துவிடுகிற அந்த வரியை எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாசித்தாள். நாலு விடைகளையும் வாசித்தாள்.

நாகவல்லி தயங்கவே இல்லை. "பக்கத்துல நின்னு கத்துனா கேக்கும் மேடம். முதுவுக்குப் பின்னால கூப்டா திரும்பவே மாட்டாரு. ரொம்ப கஷ்டம்னு போட்டுக்கோங்க."

"காலையில இல்லன்னு சொன்னீங்களே?"

"நீங்க காது கேக்காதவங்க கீறாங்களான்னு கேட்டீங்க. அது வேற மேடம். பொறந்ததுலேர்ந்து கேக்காம, பேச்சும் வராம இருப்பாங்களே, அவங்கதானே அது. இவுருக்கு பிரஸ் ஷாப்பு காது. இருவது வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்ல நின்னா அப்டித்தான் ஆவும். இந்தத் தெருவுல எல்லா ஆம்பளைக்கும் அப்டித்தான் கீது. அந்தத் தம்பி பதமா கேட்டுச்சு, சொன்னோம்."

அனுசுயா வீராசாமியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். நாகவல்லி டிவியை அணைத்தாள். ஐயா என்று கூப்பிட்டாள் அனுசுயா. அவர் அணைந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். நாகவல்லி போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பி, வாங்க வாங்க என்று எழுந்து நின்று கும்பிட்டார். காலையில் அவரை மரியாதை தெரியாதவர் என்று நினைத்தது அவளைச் சுட்டது.

மீதி ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போனாள். முழுக் கேள்வியையும் வாசித்தாள். கம்பெனி ஆளா என்று கேட்ட கிழவர் மட்டும் கதவைத் திறக்கவில்லை. மற்ற எட்டு வீட்டிலும் அருள் எழுதியதே பதிலாக வந்தது.

தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டி மீது உட்கார்ந்து டேப்பைத் திறந்தாள். காலையில் போன பத்துப் படிவமும் அலுவலகத்தில் இருக்கிறது. திருத்த வேண்டுமானால் காரணம் கேட்கும். கேட்டது. மூன்று காரணம், ஒன்றைத் தேர்ந்தெடு. கணக்கெடுப்பவர் தவறு. வீட்டார் பதிலை மாற்றிவிட்டனர். சோதனையாளர் தவறு.

இரண்டாவது அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. அதை அழுத்தினால் அருள் தப்பிப்பான், அவளும் தப்பிப்பாள். தெருக்காரர்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை. ஆனால் மாற்றி மாற்றிப் பேசுகிற தெரு என்று பிரசன்னா ஒரு கோடு போட்டு, அந்த முப்பத்தொரு பேரையும் கணக்கிலிருந்து தூக்கிவிடுவான். தெரு மறுபடியும் நூற்றுக்கு இரண்டில் வந்து நிற்கும். எல்லாம் சுத்தமாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி இருக்கும்.

அந்த நூற்றுக்கு இரண்டு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன முறை ஆவடியில் மறுசோதனை செய்தது அவள். திருநின்றவூரில் அவள். ஐயப்பன்தாங்கலிலும் அவள்தான். அதிகமாக எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகள் வீட்டுக்கு இவள் பின்னாலேயே போய், ஒரே மூச்சில் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறாள். பிடித்ததாகப் பெருமைப்பட்ட பதினேழு பேரில் ஜூஸ் கடையில் உட்கார்ந்து நிரப்பியவனைத் தவிர மற்றவர்கள் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அம்பத்தூரில் ஒரு பெண் அழுதுகொண்டே, நான் கேட்டேன் மேடம், அவங்க சொன்னாங்க மேடம் என்றாள். அனுசுயாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

மூன்றாவதை அழுத்தினாள். விவரம் என்ற கட்டத்தில், கேள்வியை முழுவதும் வாசிக்கவில்லை என்று தட்டினாள். அருளை நிரந்தரமாக்கும் காகிதத்துக்கும் டேப்பிலேயே சரி கொடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் பிரசன்னா கூப்பிட்டான். மூன்றாவது காரணத்தை இதுவரை யாருமே அழுத்தியதில்லை, விரல் தவறிப் பட்டுவிட்டதா, தானே மாற்றிவிடட்டுமா என்று கரிசனமாகக் கேட்டான். இல்லை, தெரிந்துதான் அழுத்தினேன் என்றாள். அவன் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, பாடியில் மட்டும்தானே இப்படி என்று கேட்டான்.

"இல்ல பிரசன்னா," என்றாள் அனுசுயா. "எல்லா ஊர்லயும் நான் இப்படித்தான் கேட்டேன்."