முதலைக்குக் காது

என் தம்பி பர்ல் தன் லாரிக் கதவில் ஒரு பச்சை முதலையை வரைந்து வைத்திருந்தான். எல்லாப் பல்லும் தெரிய வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ரேடியோவில் எல்லோரும் தன்னை முதலை என்று கூப்பிடுவதாக டிரைவர்கள் சொல்லிக் கேட்டவனுக்கு, அது தன் குரலின் வலுவைப் பார்த்துத்தான் என்று நினைப்பு. ரேடியோக்காரர்கள் பேச்சில் முதலை என்றால் வாய் மட்டும் பெரிது, காது கிடையாது என்று அர்த்தம். ஐடஹோ மலையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பர்ல் மொன்டானா சமவெளியில் போனும் கையுமாகக் கோதுமை ஏற்றிக்கொண்டிருந்தவன். போன வசந்தத்தில்தான் இங்கே மரம் ஏற்ற வந்தான்.

எங்கள் மலையில் போன் எடுக்காது. பாதையில் ஒரு லாரிதான் போகலாம். மைலுக்கு ஒரு பலகை நட்டிருக்கும். லோடோடு இறங்குகிறவன் ரேடியோவில் மைலைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். காலியாக ஏறுகிறவன் தன் மைலைச் சொல்லிவிட்டு பாதையோரம் வெட்டி வைத்த ஒதுக்கத்தில் நின்று வழிவிடவேண்டும். போன வாரம் இன்னொரு டிரைவர் டெல்மர் காலி லாரியில் ஏறும்போது மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வளைவில் பர்ல் திடீரென்று முளைக்க, டெல்மர் சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு உயிர் தப்பினார். மரக் கம்பெனி மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை கூப்பிட்ட குரலுக்கு பர்ல் பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்த்துப் போகவேண்டும்.

சனிக்கிழமை பர்ல் தன் லாரி ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான். வாரமெல்லாம் நானும் மரலாரிதான் ஓட்டுகிறேன். ஓய்வு நாளில் ரேடியோ பழுது பார்க்கிறேன். இந்த மலையில் என்னைவிட நன்றாகப் பார்க்கிற ஆள் இல்லை. இருந்தால் வரட்டும், பார்க்கிறேன்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் குடு. நான் கத்தறது அந்தச் செவிட்டுப் பசங்களுக்கு விழவே மாட்டேங்குது."

"செவிடு யாருன்னு பாத்துடலாம், இரு" என்று ரேடியோவை மேசையில் மாட்டி அவனை முன்னால் உட்காரவைத்தேன். என் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய், அங்கிருந்து ரேடியோவில் அவனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். திரும்பி வந்தால் ஆள் ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்கிறான்.

"எங்கே போனே? ஒரு வார்த்தைகூடப் பேசலியே?"

"கழுதைன்னேன், எருமைன்னேன். ஒண்ணும் கேக்கலியா?"

மூடியைக் கழற்றினேன். பர்ல் பிறப்பதற்கு முன் செய்த ரேடியோ. நல்ல ஜாதி. ஆனால் எவனோ ஒரு ஸ்க்ரூடிரைவர் வீரன் உள்ளே புகுந்து, குரங்கு கையில் பூமாலை ஆக்கியிருந்தான். பவர் காட்டுகிற முள் வலப்பக்கம் சாய்ந்தால் போதும் என்று கண்ணில் பட்ட கம்பிச் சுருளையெல்லாம் திருகியிருக்கிறான். குரல் எல்லை மீறாமல் பிடிக்கிற டிரான்சிஸ்டரை வெட்டி எறிந்திருக்கிறான். ஏரியலிலிருந்து வருவதை முதலில் வாங்குகிற டிரான்சிஸ்டரோ அரைகுறையாக வெந்து கிடந்தது.

"சந்தையில வித்தவன், ஊரே அலறும்னான்கா."

"அலறத்தான் செய்யுது. நீ பேசினா தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நீதானே சொல்லுவே?"

"இந்த மலையில காதுள்ள பிள்ளைதான்டா பிழைக்கும். நாலு வாட்டு போதும், சட்டமும் அவ்வளவுதான். வாயை மூடிக்கிட்டு விளக்கைப் பிடி."

வெட்டினதைத் திரும்ப வைத்தேன். வெந்ததை எடுத்துவிட்டு, இரைச்சல் குறைவான புது டிரான்சிஸ்டர் போட்டேன். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். பிறகு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிய சிக்னலை உள்ளே விட்டு, ஒவ்வொரு சுருளாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கடைசிச் சுருளில் சிக்னல் பளிச்சென்று எழுந்தது. எனக்கே புல்லரித்தது. செய்யும்போதே, புதிதில் இருந்ததைவிட நன்றாக ஆக்கிவிட்டேன் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் மூன்றாம் மைல் ஒதுக்கத்தில் காலி லாரியோடு நின்றுகொண்டிருந்தேன். ரேடியோவில் டெல்மர் குரல் வந்தது.

"டெல்மர். நாலாம் மைல், காலியா ஏறறேன். மேலேருந்து முதலை இறங்குதாம்ப்பா, அவங்கவங்க சாமியைக் கும்பிட்டுக்கங்க. வாய் மட்டும் வண்டி நீளம். அந்தப் பேருக்கு அர்த்தம்கூடத் தெரியாம கதவுல படம் வேற போட்டு வச்சிருக்கு, மடப்பய!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனுக்குக் காது வைத்தேனே தவிர, அதில் முதலில் என்ன விழும் என்று யோசிக்கவில்லை. பர்ல் ரோஷக்காரன். கூச்சல் போட்டுச் சண்டை பிடித்தாலும் போச்சு, முறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தாலும் போச்சு. அலுவலகத்தில் மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மைக்கைக் கையில் எடுத்தேன். அழுத்தவில்லை. அவன்தான் பேசவேண்டும்.

ரேடியோவில் வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு என் தம்பியின் குரல் வந்தது. கத்தவில்லை. துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"பர்ல். ஒன்பதாம் மைல், லோடோட இறங்கறேன். டெல்மர், நீங்க நாலுல இருக்கீங்க. நல்லா கேக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "எல்லாமே நல்லா கேக்குது."

டெல்மர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அஞ்சாம் மைல் ஒதுக்கத்துல நிக்கறேன். நீ வா... பர்ல்."

அந்த மலையில் அவனைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, என் தம்பி.

சாயங்காலம் பெயிண்டும் பிரஷ்ஷுமாக வந்து சேர்ந்தான். முதலையை அழிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து பொறுமையாக அதற்கு இரண்டு காது வரைந்தான், கழுதைக் காது நீளத்துக்கு.

"அக்கா, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"நீ இறங்கி வர்றப்பல்லாம் ரேடியோவுல சொன்னேனேடா. உனக்குத்தான் கேக்கலே."