ஏரிக்கு மேலே ஒரு பலகை

அன்று காலையும் அவர் கொல்லைக் கதவோரம் தோளுயரப் பலகையில் செருப்பை ஏற்றி வைத்தார்.

"ஏரி வத்தி, முள்ளுக்காடாகி, இப்ப அதுல வரிசையா வீடும் கட்டியாச்சு. இன்னும் எந்தத் தண்ணிக்குப் பயம்?" என்று மனைவி சீண்டினாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போன சொந்தம்டி அது. திடீர்னு வந்து நிக்கும்."

சிரித்தபடி குளிக்கப் போனவர் அங்கேயே மாரடைப்பில் சாய்ந்தார்; பிறகு எழவில்லை.

சில மாதம் கழித்து மகன் சுத்தியலோடு வந்தான். "அம்மா, இந்தப் பலகை தோள்ல இடிக்குது. கழட்டிடவா?"

மழைக்காலத்தில் ஏரி படியேறி, துணிக்கொடிக்கு அடியில் நாமக்கோழிகள் நீந்திய வருடங்கள் அவள் கண்முன் வந்தன. குடையோடு நின்று அவற்றுக்கு வழிவிட்டவர் அவர்.

"நீ ஒதுங்கிப் போயேன்டா," என்றாள்.

சுவரில் பழைய வெள்ளக் கறைக்கு ஒரு சாண் மேலே அந்தச் செருப்பு இன்னும் இருக்கிறது.