எக்கேக்கோ இருந்த அறை

"எக்கேக்கோவை ஏமாத்தலாம்னு பாக்குறியா புள்ள?" என்று சூப்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார் ரெம்பெர்த்தோ. "ரெண்டு இழுப்பு இழுக்கறதுக்குள்ள பிடுங்கி அணைச்சுட்டா அவருக்கு என்ன மரியாதை? இந்த வாரம் கடைப் பக்கம் ஒரு ஈ எட்டிப் பாக்கல. இப்பல்ல தெரியுது ஏன்னு."

ஃபெலிசாவுக்குக் கரண்டி கையிலேயே நின்றது.

செவ்வாயும் வெள்ளியும் எக்கேக்கோவுக்குச் சிகரெட் வைக்க வேண்டும். எல் ஆல்தோ நகரத்தில் அது இல்லாத வீடு குறைவு. மீசையும் சிரிப்புமாக, அரிசி மூட்டை, மாவு மூட்டை, சின்னச் சின்னப் பணக்கட்டு என்று உடம்பெல்லாம் சுமந்து நிற்கும் மண்பொம்மை. வாயில் பற்றவைத்துக் கொடுத்தால் தானாக எரிந்து சாம்பலாகும்வரை விட்டுவிட வேண்டும். அதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பக் கூடாது, துணி போட்டு மூடக் கூடாது. கோபித்துக்கொண்டால் வீட்டில் இருப்பதும் போய்விடும்.

செவ்வாயன்று ஃபெலிசாவுக்கு இருமல். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறையெல்லாம் புகை. பற்றவைத்ததும் எடுத்து அணைத்து, மிச்சத்தைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போது கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூட இருக்கும் பெர்த்தா, தன் அக்காவின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"இல்லையே ஞானப்பா, முழுசாத்தான் எரிஞ்சுது" என்றாள்.

"என்கிட்டயேவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு குறைவு என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி ஓர்த்தென்சியாதான் ஞானஸ்நானத்தில் ஃபெலிசாவைக் கையில் ஏந்திய ஞானம்மா. ஏரிக்கரை ஊரிலிருந்து தையல் படிக்கக் கிளம்பியபோது அப்பா அவளை இந்த இருவரிடம்தான் ஒப்படைத்தார். "எனக்கு அடுத்தபடி அவங்கதான். சொன்னதைக் கேட்டு நட" என்றார். மாடி அறையில் அவளும் பெர்த்தாவும். பெர்த்தா வாடகை கொடுத்தாள். ஃபெலிசா அதற்குப் பதிலாக வீட்டு வேலை செய்தாள். இந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்த வேறு கதவு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீக்குச்சியைக் கிழித்து, பொம்மையின் முகத்தருகே கொண்டுபோனாள். கோட்டில் மூன்று பொத்தான். இரண்டு வெறும் சாயம். நடுவில் இருந்தது மட்டும் தீயைப் பார்த்து மினுங்கியது. மாவு மூட்டைக்குப் பின்னால் நூல் கனத்தில் ஒரு கறுப்பு ஒயர், அலமாரிக்கு அடியில் இருந்த பிளக் பக்கம் இறங்கியது. ரெம்பெர்த்தோ சந்தையில் கைபேசி பழுதுபார்ப்பவர். போன திருவிழாவுக்கு இந்தப் பொம்மையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். "அடுத்தவங்க கொடுத்ததுதான் அதிர்ஷ்டம் கொண்டுவரும் பொண்ணுங்களா" என்று சொல்லி, கட்டில்களுக்கு நேர் எதிரே தன் கையாலேயே வைத்தார். ஒரு வருஷமாகிறது.

தீ விரலைச் சுட்டது. அவள் கையை உதறவில்லை. முகமும் மாறக் கூடாது. அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கலாம். சிகரெட்டை ஒழுங்காக வைத்துவிட்டு, எப்போதும் போலக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் எப்படி உட்காருவாள்? அதுவே மறந்துபோயிருந்தது.

உடை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அதையும் பார்ப்பார். கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளேயே மாற்றினாள். பாவாடை இடுப்பில் சிக்கிக்கொண்டது. இருட்டில், தன் மூச்சுச் சூட்டில் கிடந்தபடி, இந்த ஒரு வருஷத்தில் அங்கே நடந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். தலை துவட்டியது. பெர்த்தா சட்டையில்லாமல் நின்று முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னது. மாதவிலக்கு நாட்கள். எல்லாம் ஒரு மனிதரின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. அவர் நினைத்தால் ஊரில் அண்ணன் கைக்கும் போய்ச் சேரும்.

மறுநாள் மதியம் ரெம்பெர்த்தோ கேட்டார்: "மாடியில அவ்வளவு குளிராம்மா? இன்னொரு கம்பளி தரச் சொல்லவா?"

சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஓர்த்தென்சியாவின் கை நின்றது. கணவரைப் பார்க்கவில்லை, ஃபெலிசாவையும் பார்க்கவில்லை. பிறகு மிச்சத்தையும் ஊற்றிவிட்டு, "உருளைக்கிழங்கு ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.

பெர்த்தா ஊரிலிருந்து வந்ததும் ஃபெலிசா அவளை அறைக்குள் போகவிடவில்லை. முற்றத்துத் துவைகல்லுக்கு இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

பெர்த்தா துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அந்தாளு மீசையும் பொம்மை மீசையும் ஒரே மாதிரி இருக்கேன்னு சிரிச்சோமேடி. நான் அதுக்கு முத்தம் வேற கொடுத்திருக்கேன், பரீட்சை அன்னிக்கு!" என்றாள். பிறகு சட்டென்று எழுந்தாள். "விடு. போய் ஒரே போடா போட்டு உடைச்சுட்டு வரேன்."

"உடைச்சா? 'எந்த கேமரா? என் வீட்டுப் பொம்மையை உடைச்சுட்டாளுங்க'ன்னு அவர்தான் கத்துவார். எடுத்ததெல்லாம் அவர் போன்ல இருக்கு. முழுசா கொண்டுபோய்ப் போலீஸ்ல வைக்கணும் அக்கா."

"தூக்கிட்டு வாசல் தாண்ட விடுவானா? கடையில யாவாரம் இல்லன்னு பொழுதன்னிக்கும் வீட்டுலயேல்ல குந்திக்கிட்டிருக்கான்."

"திருவிழா வருதே" என்றாள் ஃபெலிசா. "அன்னிக்கு மட்டும் எல்லார் வீட்டுலயும் வெளிய வந்துதானே ஆகணும்."

அலசீத்தா திருவிழா அன்று உச்சிவெயிலில் எக்கேக்கோவைச் சந்தைக்குத் தூக்கிப்போய்ச் சாம்பிராணிப் புகை காட்டி ஆசி வாங்க வேண்டும். அதுவரை இருந்த நாட்களில் இரண்டு பேரும் கம்பளிக்குள்ளேயே உடை மாற்றினார்கள். பொம்மைக்குக் கேட்கும்படி தையல் டீச்சரைப் பற்றிப் பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். சிரித்து முடித்து பெர்த்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். போர்வை வெகுநேரம் குலுங்கியது.

திருவிழா அன்று தெருவாசிகள் முற்றத்தில் வந்து கூடினார்கள். பக்கத்து வீட்டு எலோதியா தன் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏ ஓர்த்தென்சியா, உங்க வீட்டு எக்கேக்கோ எங்க? இன்னும் தூங்குறாரா?" என்று கத்தினாள்.

"நான் எடுத்துட்டு வரேன்" என்றாள் ஃபெலிசா.

"நீ வேணாம், கனமா இருக்கும். நான் இறக்கித் தரேன்." ரெம்பெர்த்தோ அதற்குள் மாடிப்படியில் ஏறிவிட்டார்.

ஃபெலிசா படியடிக்கு வந்தாள். பத்து நிமிஷம் போதும் அவருக்கு. ஒயரும் பொத்தானும் இல்லாமல் வெறும் பொம்மை இறங்கி வரும்.

"பொம்பளப் புள்ளைங்க அறையில உங்களுக்கு என்ன வேலை?"

ஓர்த்தென்சியாதான். ஊரே கேட்கும்படி கேட்டாள்.

எலோதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரோ, "மாட்டுனார்டா ரெம்பெர்த்தோ!" என்றார்கள். இத்தனை பேர் பார்க்க இன்னொரு படி ஏற அவரால் முடியவில்லை. ஃபெலிசா அவரை உரசாமல் மேலே ஓடினாள். ஞானம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலை நிமிராமல் சால்வை முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

பொம்மையைத் தூக்கியதும் ஒயர் பிடித்து இழுத்தது. பிளக்கோடு பிடுங்கினாள். வண்ணத்துணியில் சுற்றி, குழந்தையைக் கட்டுவது போல முதுகில் கட்டிக்கொண்டாள்.

தெருமுனையில் எல்லாரும் இடது பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் மட்டும் வலது பக்கம்.

"ஃபெலிசா! சந்தை இந்தப் பக்கம்!" என்றது பின்னாலிருந்து ரெம்பெர்த்தோவின் குரல். அவர்கள் நிற்கவில்லை. "மகளே, உங்கப்பாக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

குரல் அன்பாகத்தான் இருந்தது. அவள் நடை மெதுவானது. பெர்த்தா அவள் முழங்கையைப் பிடித்து நடத்தினாள்.

காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி பொம்மையை மேஜைமேல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒயரை விரலில் சுற்றினாள். இருவரும் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"உன் விலாசம் சொல்லும்மா."

ஃபெலிசா தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னாள்.

"அந்த ஆளோட விலாசம்?"

"அதேதான்."

பேனா நின்றது. "அப்போ இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்க?"

பெர்த்தா ஃபெலிசாவைப் பார்த்தாள். ஃபெலிசா தன் செருப்பைப் பார்த்தாள். மடியில் கைபேசி அதிர்ந்தது. அப்பா. பகலில் கூப்பிடுகிறவர் இல்லை அவர். வயலில் இருப்பார், யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அது நின்றது. மறுபடி அதிர்ந்தது.

ஃபெலிசா அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள். "சொல்றேன்."